முழுதாகத் திரும்பியபோது சூடில்லை

ஜனவரி 6, திங்கள்

காஸ் சிலிண்டர் வந்துவிட்டது. குழாய் ரிப்பேர்காரர் வரவில்லை. டாக்டர் செழியனுக்கு விருது வரப்போகிறது.

இந்த மூன்றில் எது என்னை அதிகம் பாதித்தது என்று கேட்டால் குழாய் என்றுதான் சொல்வேன். ஐம்பத்தொரு வயதாகிறது, பொய் சொல்லிப் பழகிவிட்டது.

செய்தியைக் கொண்டுவந்தவள் நூலகர் ஃபிலோமினா. எங்கள் மையத்தில் சூரியனைப் பற்றிய செய்திகளை விண்கலம் அனுப்பும், மற்ற எல்லாச் செய்திகளையும் ஃபிலோமினா அனுப்புவாள்.

"அக்கா, கேட்டீங்களா? அடுத்த மாசம் கருத்தரங்குல வச்சே உங்க சாருக்கு விருது அறிவிக்கிறாங்களாமா. சால்வை, கேடயம், எல்லாம். அந்தச் சூட்டுக் கட்டுரைக்குத்தான்."

"சந்தோஷம் ஃபிலோ."

"மூஞ்சியப் பார்த்தா சந்தோஷமாத் தெரியலைங்களே."

"இது சந்தோஷ மூஞ்சிதான். ரொம்ப நாளாப் போடாததால மடிப்பு விழுந்துருச்சு."

இந்த நோட்டை யாராவது படித்தால் (என் கணவர் படிப்பார், படிக்கவில்லை என்றும் சொல்வார்) விவரம் புரிய வேண்டும் என்பதற்காக எழுதி வைக்கிறேன். நான் கோகிலாமணி. கோத்தகிரி மலையில் இருக்கும் ஒரு சூரிய ஆய்வு மையத்தில் தொழில்நுட்ப அலுவலர். சூரியன் ஓயாமல் ஒரு காற்றை ஊதிக்கொண்டிருக்கிறது. மின்னேற்றம் பெற்ற துகள்களின் கொதிக்கும் கூட்டம், பிளாஸ்மா. அது தன்னோடு காந்தப்புலத்தையும் இழுத்துக்கொண்டு வரும். அந்தப் புலம் சும்மா வராது. போகிற போக்கில் திடீரென்று திரும்பி வந்த வழியே பார்க்கும். சில நிமிடங்களில் மறுபடி நேராகிவிடும். கல்யாண வீட்டிலிருந்து கிளம்பிய என் நாத்தனார், பையை மறந்துவிட்டேன் என்று திரும்புவதைப் போல.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த அந்தக் கட்டுரை சொன்னது இது: புலம் இப்படிப் புரளும் இடங்களில் பிளாஸ்மாவின் வெப்பநிலை எகிறுகிறது. அதாவது, புரட்டல்தான் சூரியக் காற்றைச் சூடாக்குகிறது. உலகம் முழுக்க மேற்கோள் காட்டினார்கள். தரவை அலசிய கணினி நிரல், வரைபடங்கள், அட்டவணைகள் எல்லாம் பதினான்கு மாதம் உட்கார்ந்து நான் செய்தவை. கட்டுரையில் இருந்த பெயர் ஒன்றே ஒன்று. செழியன்.

வெளியான அன்று மையத்தில் கேக் வெட்டினார்கள். கேக் வாங்கி வந்தது நான்.

என் பெயர் இதுவரை அச்சில் வந்தது இரண்டே முறை. கல்யாணப் பத்திரிகையில் ஒருமுறை, ரேஷன் கார்டில் ஒருமுறை. ரேஷன் கார்டில் தப்பாக.

ஜனவரி 7, செவ்வாய்

குழாய் ரிப்பேர்காரர் வந்தார். குழாய் இன்னும் ஒழுகுகிறது. அவருக்கும் விருது கொடுக்கலாம்.

ஜனவரி 9, வியாழன்

அறைக் கதவைச் சாத்திவிட்டு எழுதுகிறேன். குளிர் என்று வைத்துக்கொள்வோம்.

விண்கலம் சூரியனை இன்னொரு சுற்று சுற்றிப் புதுத் தரவு அனுப்பியிருக்கிறது. பழைய நிரலில் போட்டு ஓட்டினேன். முந்தைய தரவில் புலம் பெரும்பாலும் பாதிதான் திரும்பியிருக்கும், குறுக்கே சாய்ந்து நிற்கும். இந்த முறை முழுக்கத் தலைகீழாகத் திரும்பிய இடங்கள் முப்பத்தேழு கிடைத்தன. புரட்டல்தான் சூடாக்குகிறது என்றால் அங்கேதானே சூடு உச்சத்தில் இருக்க வேண்டும்?

இல்லை. முப்பத்தேழு இடத்திலும் சூடு புரட்டலுக்கு வெளியே இருப்பது போலவேதான் இருக்கிறது. குறுக்கே நிற்கும்போது மட்டும் ஏறுகிறது. முழுதாகத் திரும்பினால் பழையபடி இறங்கிவிடுகிறது.

மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தபோது விளங்கியது. காலையில் அவசரத்தில் அடைத்த இட்லி ஒன்று செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது.

விண்கலத்தின் கருவி சூரியனைப் பார்த்தபடி இருக்கும். ஒரே ஒரு திசையில்தான் சூட்டை அளக்கும். பிளாஸ்மாவோ எல்லாத் திசையிலும் ஒரே சூடு கிடையாது. புலத்தின் நீளவாக்கில் குறைவு, குறுக்குவாக்கில் அதிகம். இட்லி மாதிரி, தடிமன் கொஞ்சம், அகலம் நிறைய. ஒரு குச்சியை எப்போதும் மேலிருந்தே குத்திப் பாருங்கள். படுத்திருக்கும் இட்லியில் குச்சி கொஞ்சம்தான் போகும். இட்லி நிமிர்ந்து நின்றால் நிறையப் போகும். கவிழ்த்துப் போட்டால் மறுபடி கொஞ்சம். இட்லி பெருக்கவும் இல்லை, சிறுக்கவும் இல்லை. திரும்பியது, அவ்வளவுதான்.

புரட்டலில் சூடே ஏறவில்லை. நாம் பார்த்த பக்கம்தான் மாறியிருக்கிறது. உலகம் மேற்கோள் காட்டிய கட்டுரை, ஒரு இட்லி நிமிர்ந்த கதை.

நிரலைத் திறந்து தப்பு நடந்த இடத்தைப் பார்த்தேன். இருநூற்றுப் பதினான்காம் வரி. கருவி ஒரு திசையில் அளந்ததை அப்படியே முழு வெப்பநிலையாக எடுத்துக்கொள்கிறது. புலம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்த மடச் சாம்பிராணி எழுதியதோ. கட்டுரையில் ஒரு பெயர்தான் இருக்கிறது, ஆகவே மடச் சாம்பிராணி அவர்தான். இதில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

அந்த வரியின் ஓரத்தில் ஒரு குறிப்பும் இருந்தது: "அரிசி ஊறப் போடணும்." செழியன் சார் வீட்டில் அரிசி ஊறப் போடுகிறவராக இருக்கலாம். யாரையும் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஜனவரி 10, வெள்ளி

கோப்பில் தேவையில்லாத ஓரக் குறிப்புகளை நீக்கினேன். வழக்கமான பராமரிப்பு.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் கிழக்குப் பக்கம் பொங்கியது. சூரியனுக்குப் படைத்தோம். "உங்கள் காற்றைப் பற்றி எனக்கு ஒரு ரகசியம் தெரியும்" என்று மனசுக்குள் சொன்னேன். அவர் கண்டுகொள்ளவில்லை.

சாமியப்பனிடம் மட்டும் சொன்னேன். என் கணவர் டீ ஃபாக்டரியில் சூப்பர்வைசர். இலையைக் கையில் வாங்கியதுமே அது எந்தத் தோட்டம் என்று சொல்லிவிடுவார். என்னையும் அப்படித்தான்.

"அப்ப அந்தாளு கட்டுரை தப்பா?"

"அடியோட தப்புங்க."

"செரி, போய்ச் சொல்லீரு. விருது வாங்கறதுக்கு முன்னாடியே திருத்திக்கட்டும்."

"மேடையேறட்டும். சால்வை போட்டு, கேடயம் குடுத்து, எல்லாரும் கை தட்டட்டும். அப்பறம் கேள்வி நேரம்னு ஒண்ணு இருக்குதுல்லங்க. அதுல நான் கை தூக்குறேன்."

பொங்கலை வாயில் வைத்துக்கொண்டே யோசித்தார்.

"ஏம்புள்ள, அந்தக் கணக்கெல்லாம் நீதானே போட்டேன்னு சொன்ன?"

"முந்திரி இன்னும் கொஞ்சம் போடட்டுங்களா?"

போட்டேன். நிறையவே போட்டேன்.

ஜனவரி 20, திங்கள்

செழியன் சார் கூப்பிட்டார். அறையில் புது நாற்காலி. சுழலும் நாற்காலி, அவரும் சுழன்றார்.

"மேடம், கருத்தரங்கு உரைக்கு ஸ்லைடு எல்லாம் நீங்களே பண்ணிடுங்க. உங்களுக்குத்தான் இது கைவந்த கலை."

"கண்டிப்பாங்க சார். பிரமாதமாப் பண்ணிடறேன்."

இவ்வளவு சீக்கிரம் நான் எதற்கும் ஒப்புக்கொண்டது கிடையாது. கல்யாணத்துக்கே நான்கு மாதம் யோசித்தேன். அவர் மட்டும் கொஞ்சம் உஷாரான ஆளாக இருந்திருந்தால் அந்த இடத்திலேயே நாற்காலியை நிறுத்தியிருப்பார்.

ஸ்லைடுகளைச் செய்தேன். புதுத் தரவையும் சேர்த்தேன், எதையும் மறைக்கவில்லை. நான் அப்படிப்பட்டவள் இல்லை. முழுதாகத் திரும்பிய முப்பத்தேழு இடங்களும் பதினாறாம் ஸ்லைடில் பட்டவர்த்தனமாக இருக்கின்றன. அவர் ஒரு தடவை நிதானமாகப் பார்த்தாலே போதும். பார்க்க மாட்டார். இரண்டாம் ஸ்லைடில் பெரிய எழுத்தில் ஒரு வாக்கியம் போட்டேன்: "இந்த ஆய்வின் ஒவ்வொரு வரிக் கணிப்பும் முழுக்க முழுக்க என் கையால் செய்யப்பட்டது."

வலையை விரித்துவிட்டேன். அவர் வாயாலேயே சொல்ல வேண்டும், நூற்றிருபது பேர் முன்னால். அப்புறம் அந்த இருநூற்றுப் பதினான்காம் வரியும் அவருடையது. சாகும்வரை.

ஜனவரி 28, செவ்வாய்

எதிர்பாராத இடைஞ்சல்.

செழியன் சார் என் மேசைக்கு வந்தார். அவர் அறையை விட்டு என் மேசைக்கு வந்தது இந்தப் பத்து வருடத்தில் இரண்டாவது முறை. முதல் முறை தீ எச்சரிக்கை மணி அடித்தபோது, அதுவும் என்னைத் தாண்டி ஓடினார்.

"மேடம், அந்த ரெண்டாவது ஸ்லைடு... 'முழுக்க முழுக்க என் கையால்'னு போடணுமா? கொஞ்சம் ஓவரா இல்ல?"

"அதுதானுங்க சார் உண்மை. கட்டுரையில அப்படித்தானே இருக்குது."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி இல்லாமல் அவர் முகம் சின்னதாகத் தெரிந்தது.

"இல்ல, நீங்களும் நிறைய ஒழைச்சிருக்கீங்க. அப்ப இருந்த அவசரத்துல... சரி, விடுங்க. இப்ப வேணா உங்க பேரையும் சேர்த்துப் போட்டுடலாமே? 'இருவரும்'னு."

இரண்டு வருடம். இந்த ஒரு வார்த்தைக்காக நான் பேசாத பேச்சில்லை, குளியலறைச் சுவரிடம். "இருவரும்" என்று அவர் சொன்னபோது, பதினாறாம் ஸ்லைடைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது.

விழுங்கினேன்.

"அதெல்லாம் வேண்டாங்க சார். நான் ஏதோ கம்ப்யூட்டரைத் தட்டுனேன். மூளை உங்களுதுதானுங்களே."

"அப்படியா சொல்றீங்க?"

"அப்படியேதானுங்க."

நிம்மதியாகப் போனார். நான் மட்டும் மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. ஃபிலோமினாவிடம் வயிறு சரியில்லை என்றேன். இஞ்சி மிட்டாய் கொடுத்தாள். மிட்டாய்க்குக் கேள்வி கேட்க வாய் இல்லை என்பதால் சாப்பிட்டேன்.

ஜனவரி 29, புதன்

வயிறு சரியாகிவிட்டது. திட்டத்தில் மாற்றம் இல்லை.

பிப்ரவரி 3, திங்கள்

கருத்தரங்குக்கு மெரூன் பட்டுப் புடவை. பழிவாங்கலுக்குப் பட்டு கட்டுவது அதிகம் என்றார் சாமியப்பன். இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணி அவரே தேய்த்தும் கொடுத்தார். நல்ல மனிதர். நோட்டைப் படித்துவிட்டார் என்று தெரிகிறது.

பிப்ரவரி 6, வியாழன்

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். எனக்கு வரிசை முக்கியம்.

அரங்கம் நிரம்பிவிட்டது. அமர்வுக்குத் தலைமை பேராசிரியர் மெஹருன்னிசா. பெங்களூரிலிருந்து வந்தவர், பிறந்தது வாணியம்பாடி, எழுபதுக்கு மேல் வயது. குளிருக்கு மப்ளரைக் காதோடு சேர்த்துச் சுற்றியிருந்தார். காது கேட்காது போலிருக்கிறது என்று அலட்சியமாக நினைத்துக்கொண்டேன். தப்பு.

சால்வை போட்டார்கள். கேடயம் கொடுத்தார்கள். கை தட்டினார்கள். நானும் தட்டினேன், உள்ளங்கை சிவக்கும்வரை.

செழியன் சார் பேச ஆரம்பித்தார். இரண்டாம் ஸ்லைடு வந்தது. வாசிப்பதோடு நிற்பார் என்று நினைத்தேன். வாசித்துவிட்டு நெஞ்சில் கை வைத்து, "ஒவ்வொரு வரியும் நானே எழுதியது. யாருடைய உதவியும் கேட்கவில்லை" என்று சொந்தமாகவும் இரண்டு வாக்கியம் சேர்த்துக்கொண்டார். ஜனவரி 28 அன்று வாய் வரை வந்தது, இறங்கிப் போயே போய்விட்டது.

பதினாறாம் ஸ்லைடைப் பார்க்காமலே தாண்டினார்.

கேள்வி நேரம். கை தூக்கினேன். மைக் வந்தது.

"சார், ஒரு சின்னச் சந்தேகம். புலம் குறுக்கே சாயும்போது சூடு ஏறுதுன்னீங்க. முழுசாத் திரும்பிட்டா ஏன் பழையபடி எறங்கிருது? பதினாறாவது ஸ்லைடைக் கொஞ்சம் காட்டுங்களேன்."

காட்டினார். பார்த்தார். முதல் முறையாகப் பார்த்தார்.

"அது... அது வந்து... மிகச் சிக்கலான இயற்பியல்."

"சிக்கல் ஒண்ணும் இல்லையே" என்றார் மெஹருன்னிசா அம்மா. மப்ளரை அவிழ்த்துவிட்டார். "கருவி ஒரே திசையில பார்க்குது. புலம் திரும்பினா பிளாஸ்மாவோட வேற பக்கம் தெரியுது. அதைப் போய்ச் சூடுன்னு எடுத்துக்கிட்டீங்களா? புலத்தோட திசையை உங்க கணிப்புல எந்த எடத்துல சேர்த்தீங்க?"

அவர் ஸ்லைடுகளை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். அரங்கில் யாரோ இருமி, இருமியதற்கு வெட்கப்பட்டார்.

"ஒவ்வொரு வரியும் நானே எழுதினேன்னு இப்பதானே சொன்னீங்க டாக்டர் செழியன். நீங்க எழுதினது உங்களுக்குத் தெரியாதா?"

இதற்காகத்தான் ஒரு மாதம் காத்திருந்தேன். அவர் நெற்றி வியர்த்ததைப் பார்த்தேன். கோத்தகிரியில், பிப்ரவரியில், காலை பதினொன்றரைக்கு. ரசித்தேன், ஒளிக்கவில்லை. பட்டுப் புடவை கட்டியது வீண் போகவில்லை.

அப்போதுதான் அவர் அதைச் சொன்னார்.

"மேடம், உண்மையச் சொல்லிடறேன். அந்தக் கணிப்பை எழுதினது நான் இல்ல. ஆரம்பத்துலேருந்து கடைசிவரைக்கும், ஒரு வரி விடாம, எழுதினது அவங்கதான். கேள்வி கேட்டாங்களே, கோகிலாமணி மேடம். முழுக்க முழுக்க அவங்க வேலை."

இரண்டு வருடமாக எந்த வாக்கியத்தைக் கேட்கத் தவம் கிடந்தேனோ, அதே வாக்கியம். மைக்கில், மேடையில், தெளிவான உச்சரிப்பில். நூற்றிருபது தலைகள் என் பக்கம் திரும்பின. முழுதாகவே திரும்பின.

எனக்கு வழி இருந்தது. கோப்பில் என் பெயர் எங்கும் இல்லை. "இல்லீங்க, எனக்குத் தெரியாது, கட்டுரையில சார் பேருதானே இருக்குது" என்று உட்கார்ந்திருந்தால் அவர் கதை அங்கேயே முடிந்திருக்கும். வாயைக்கூடத் திறந்துவிட்டேன். "இல்" வரை வந்துவிட்டது.

ஆனால் அந்தப் பதினான்கு மாதம்? இல்லை என்றால் அது யாருடையது? குழந்தைக்கு மாறுகண் என்பதற்காக என் குழந்தையே இல்லை என்பதா? மற்றவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். நான் சொல்ல மாட்டேன்.

"ஆமாங்க மேடம்" என்றேன். "நான் எழுதினதுதான். தப்பும் என்னுதுதான். இருநூத்திப் பதினாலாவது வரி. ரெண்டு வருஷமா அது என்னுதுன்னு சொல்ல வாய்ப்புத் தேடிட்டிருந்தேன். சார் இன்னைக்குத்தான் குடுத்தாரு."

அரங்கம் சிரித்தது. என்னைப் பார்த்தா, அவரைப் பார்த்தா என்று முதலில் புரியவில்லை. மெஹருன்னிசா அம்மா சிரிக்கவில்லை.

"தப்பு எல்லாரும் பண்றதுதான்மா. நான் பண்ணாத தப்பா? அஞ்சு நிமிஷம் முன்னாடி ஒருத்தர் நெஞ்சுல கை வச்சு ஒண்ணு சொன்னாரே, அதுதான் எனக்குப் புரியல." செழியன் சாரைப் பார்த்துச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க மேடைக்கு வாங்க. சரியான கணிப்பு எப்படின்னு சொல்லுங்க" என்றார்.

போனேன். இட்லியையும் குச்சியையும் சொன்னேன். பின்வரிசையில் ஒருவர் குறிப்பெடுத்தார். கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மடிக்கணினி அருகில் நின்றிருந்தவரிடம், "அடுத்த ஸ்லைடு, சார்" என்றேன்.

அழுத்தினார்.

பிப்ரவரி 7, வெள்ளி

காலை எழுந்ததும் நினைவு வந்தது: உலகத்தையே இரண்டு வருடம் ஏமாற்றிய வரி என்னுடையது. இதற்கு முன்பும் தெரியும். இன்றுதான் எழுதுகிறேன். சாமியப்பன் டீ போட்டுக் கொடுத்து, ஒன்றும் கேட்காமல் ஃபாக்டரிக்குப் போனார். சர்க்கரை கூடுதலாக இருந்தது.

ஃபிலோமினா சொன்ன செய்தி: விருதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கேடயத்தைத் திருப்பி வாங்கினார்களா என்று கேட்டேன். "அதுல பேரு வெட்டிட்டாங்களாமா அக்கா, வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு விட்டுட்டாங்க."

பிப்ரவரி 12, புதன்

குழாய் ஒழுகல் நின்றது. காரணம் தெரியவில்லை.

திருத்தக் கட்டுரையை எழுதி முடித்தேன். பழைய முடிவு தப்பு என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேன். தப்பு எப்படி நேர்ந்தது, புலத்தின் திசையைச் சேர்த்தால் கணிப்பு எப்படி மாறுகிறது, புரளும் இடத்திலும் வெளியிலும் நீளவாக்குச் சூடு எப்படி ஒன்றாகவே இருக்கிறது, எல்லாம் பதினோரு பக்கம். ஆசிரியர்கள்: கோகிலாமணி, செழியன்.

மதியம் அவர் வந்தார், என் மேசைக்கு, மூன்றாவது முறை. உட்காரச் சொல்லும்வரை நின்றார்.

"மேடம், யோசிச்சுப் பார்த்தேன். இது முழுக்க உங்க உழைப்பு. இதுல என் பேர் இருக்கறது நியாயமே இல்ல. எடுத்துடுங்க. உங்க பேர்ல மட்டும் போகட்டும்."

எவ்வளவு பெருந்தன்மை. பழைய கட்டுரையின் தப்பை ஒப்புக்கொள்ளும் காகிதத்தில் அவர் பெயர் இல்லாவிட்டால், பத்து வருடம் கழித்துத் தேடுகிறவர்களுக்குத் தப்புக்காரி நான் ஒருத்திதான்.

"அதெப்படிங்க சார்? உங்க கட்டுரையத் திருத்தறோம், உங்க பேரு இல்லாமயா?"

"நான் இதுல ஒண்ணுமே பண்ணலையே மேடம்."

"முன்னாடி மட்டும் என்னங்க சார் பண்ணினீங்க?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் முகம் மறுபடி சின்னதாகத் தெரிந்தது. இரக்கம் வரும் என்று காத்திருந்து பார்த்தேன். டீ வண்டி வந்தது. இரக்கம் வரவில்லை.

"கெஞ்சிக் கேக்கறேன், எடுத்துடுங்க."

"இருவரும்தானுங்க சார்" என்றேன்.

அவர் போனதும் அவர் பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மூன்று முறை சரிபார்த்தேன். தலைப்பெழுத்து, பட்டம், பதவி, மின்னஞ்சல் முகவரி எல்லாம் முழுசாகப் போட்டேன். யாருக்காவது சந்தேகம் வந்தால் நேரடியாக அவரையே தொடர்புகொள்ளலாம் என்று அடியில் ஒரு வரியும் சேர்த்து அனுப்பிவிட்டேன்.